புகை, பொறி, சாம்பல்: கட்டிக் கரியில் வரும் கோளாறுகளும் அவற்றுக்கான வழிகளும்

கிரில்லில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் அடுப்பைத்தான் சந்தேகப்படுகிறோம். மூடி சரியாக உட்காரவில்லை, காற்றுத்துளை போதவில்லை என்று துழாவுகிறோம். கரிப் பை பக்கம் கண் போவது கடைசியில்தான். ஆனால் கட்டிக் கரி, அதாவது மரத்துண்டுகளை அப்படியே சுட்டெடுத்த கரி, பைக்குப் பை மாறும் பொருள். கரித்தூளை அச்சில் அழுத்திச் செய்த பிரிக்கெட்டில் எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே கலவை. கட்டிக் கரி அப்படியில்லை. மரம் எப்படி இருந்தது, கரி மூட்டத்தில் எவ்வளவு வெந்தது, பை எத்தனை முறை தூக்கிப் போடப்பட்டது, எல்லாமே அதில் தெரியும்.

கோளாறுகளுக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பாதி விஷயத்துக்கு அதுதான் அடிப்படை. சுடுவதற்கு நன்றாக இருக்கும் கரி, புகையில் வேகவைக்கவும் நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சுடும்போது எல்லாக் கரியையும் முதலிலேயே பற்றவைத்து, கங்கு நீறு பூத்த பிறகுதான் உணவை வைக்கிறோம். கரியில் மிச்சமிருந்த தாரும் ஆவியும் அதற்குள் எரிந்து போயிருக்கும். ஸ்மோக்கரில், அதாவது புகையில் வேகவைக்கும் மூடிய அடுப்பில், கூடை நிறையப் பற்றாத கரியைப் போட்டு, மேலே கொஞ்சம் கங்கு வைத்து மூடுகிறோம். உணவு உள்ளே இருக்கும் பல மணி நேரமும் புதுக் கரி ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துண்டின் முதல் புகையும் உணவைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே போகிறது. சரியாக வேகாத கரி சுடும்போது தப்பித்துவிடும், ஸ்மோக்கரில் மாட்டிக்கொள்ளும்.

வெள்ளைப் புகை நிற்கவே மாட்டேன் என்கிறது

கரி பற்றும்போது பத்து, பதினைந்து நிமிடம் வெள்ளையாகப் புகைவது இயல்பு. அதற்குப் பிறகும் அடர்த்தியாக, தயிர் நிறத்தில் புகை வந்துகொண்டே இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: ஈரம், அல்லது அரைவேக்காட்டுக் கரி.

எது என்று பிரிப்பது கஷ்டமில்லை. நீராவி என்றால் கொஞ்சம் மேலே போனதும் காற்றில் கரைந்துவிடும், கண்ணை உறுத்தாது, கரியிலிருந்து லேசாகச் 'சுர்' என்று சத்தம் வரும். தார்ப் புகை அப்படிக் கரையாது. தாழ்வாகவே மிதக்கும், கண் எரியும், தொண்டையில் காரம் பிடிக்கும். துணியில் ஒட்டினால் மறுநாளும் நாற்றம் போகாது.

மரத்தைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் முதலில் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் நீர் வெளியேறும். அப்புறம் மரத்தை ஆக்கியிருக்கும் பொருட்கள் ஒவ்வொன்றாக உடையும்: 200 டிகிரியைத் தாண்டிய பிறகு ஹெமிசெல்லுலோஸ் உடையத் தொடங்கும், 300-ஐத் தாண்டும்போது செல்லுலோஸ். லிக்னின் மட்டும் மெதுவாகக் கடைசிவரை இழுத்துக்கொண்டிருக்கும். மூட்டம் 400, 500 டிகிரி வரை போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றால்தான் தார் பெரும்பாலும் வெளியேறி, முக்கால் பங்குக்கு மேல் கார்பனாக மிஞ்சும். அவசரப்பட்டு முன்னாலேயே மூட்டத்தைப் பிரித்தால் அந்தத் தார் கரிக்குள்ளேயே தங்கி, உங்கள் அடுப்பில் வந்து வெளியேறும். ஐரோப்பாவின் இஎன் 1860-2 தரநிலை இதற்குத்தான் கணக்கு வைத்திருக்கிறது: கட்டிக் கரியில் நிலைக்கார்பன் (ஆவியெல்லாம் போன பிறகு மிஞ்சும் கார்பன்) குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும், சாம்பல் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஈரமும் அப்படியே. பிரிக்கெட்டுக்கு இந்த அளவு கொஞ்சம் தளர்வு. கார்பன் 60 சதவீதம் போதும், சாம்பல் 18 வரை போகலாம். பையில் இந்தத் தரநிலை எண் அச்சாகியிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கையே சொல்லிவிடும். பையிலிருந்து நல்ல தடிமனான துண்டு ஒன்றை எடுத்து இரண்டாக உடையுங்கள். நன்றாக வெந்த கரி 'டக்'கென்று முறியும். முறிந்த இடம் வெளிச்சத்தில் பளபளக்கும், மரத்தின் ஆண்டு வளையங்கள்கூட அப்படியே கறுப்பில் தெரியும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் ஓட்டுச் சில்லைத் தட்டியது போலக் கிணீரென்று கேட்கும். அரைவேக்காட்டுக் கரி அவ்வளவு சுலபமாக முறியாது, வளைந்து நார் நாராகப் பிரியும். வெளியே கறுப்பு, நடுவில் பழுப்பு. தட்டினால் மரக்கட்டைச் சத்தம்தான். மோந்து பார்த்தால் புகைந்த மர வாசனை வரும். நல்ல கரிக்கு ஏறக்குறைய வாசனையே இருக்காது.

பை முழுக்க இப்படித்தான் என்றால் தூக்கி எறிய வேண்டாம். அதைச் சுடுவதற்கு மட்டும் ஒதுக்குங்கள். எல்லாத் துண்டையும் சேர்த்துப் பற்றவைத்து, புகை அடங்கி, தணலின் மேல் சாம்பல் படர்ந்த பிறகு உணவை வையுங்கள். சில துண்டுகள் மட்டும்தான் பழுப்பு என்றால் ஸ்மோக்கரில் போடும் முன் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும். ஸ்மோக்கரில் புகை மெல்லிசாகி, லேசான நீல நிறத்துக்கு வரும்வரை உணவை உள்ளே வைக்காதீர்கள். பசியோடு காத்திருப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். இந்த ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பொறி பறக்கிறது, படபடவென்று வெடிக்கிறது

கரி என்பது முழுக்க நுண்துளை. அந்தத் துளைகளுக்குள் ஈரமோ ஆவியோ மாட்டியிருந்து, சூடு சட்டென்று ஏறினால் வெளியே வர வழியில்லாமல் துண்டையே பிளந்துகொண்டு வரும். அதுதான் வெடிப்பு. பட்டையோடு சேர்த்துச் சுட்ட கரியிலும் பொறி அதிகம் பறக்கும்.

மரத்துக்கும் இதில் பங்கு உண்டு. மெஸ்கீட் என்ற அமெரிக்க மரத்தின் கரி நல்ல காட்டமான சூடு தரும், ஆனால் பொறிக்குப் பேர் போனது. நம் சீமைக்கருவேலமும் அதே இனத்து மரம்தான், அதே குணம். அடர்த்தியான கரி எதுவானாலும் திடீர்ச் சூட்டைத் தாங்காது. ஜப்பானின் பின்சோட்டான் கரியை உபாமே ஓக் மரத்தில் செய்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் 1000 டிகிரியை ஒட்டிச் சூடேற்றி, தகதகக்கும்போதே வெளியே இழுத்து, ஈரமான மண்ணும் சாம்பலும் கலந்து மூடி அணைக்கிறார்கள். இரும்பு போல ஒலிக்கும் கரி அது. அதையும் சரசரவென்று நெருப்பில் தள்ளினால் வெடித்துத் தெறிக்கும். முதலில் ஓரமாக வைத்து மெதுவாகச் சூடேற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும்.

வழி இதுதான்: புதுக் கரியை எரியும் தணலின் நடுவில் கொட்டாதீர்கள், ஓரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கி நகர்த்துங்கள். விசிறி, ஹேர் டிரையர், ஊதுகுழல் எதையும் ஆரம்பத்திலேயே காட்டாதீர்கள். பொறி பறப்பதில் பாதி அதனால்தான். பட்டை ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். பையின் அடியில் இருக்கும் தூளை அப்படியே கொட்டினாலும் அது எரிந்தபடியே மேலே பறக்கும். பொறி அடங்கும்வரை குழந்தைகளையும் நைலான் துணிகளையும் தள்ளி வைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு பெரிய வெடி, அதோடு கல் சில் தெறித்தால் அது கரியின் வேலை இல்லை. பையில் கல் கலந்திருக்கிறது. ஈரமேறிய கல் சூட்டில் வெடிக்கும். கொட்டும்போதே கனத்தில் தெரிந்துவிடும், எடுத்துப் போடுங்கள்.

பற்றவே மாட்டேன் என்கிறது

இங்கே பலர் தப்பான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சீக்கிரம் பற்றினால் நல்ல கரி, தாமதமானால் மட்டம் என்று. பெரும்பாலும் நேர்மாறு. அரைவேக்காட்டுக் கரியில் எரியக்கூடிய ஆவி நிறைய இருப்பதால் தீக்குச்சி காட்டியதும் மஞ்சள் சுவாலையோடு பிடித்துக்கொள்ளும். நன்றாக வெந்த, கனமான கரி நிதானமாகத்தான் பற்றும், சுவாலையும் அதிகம் இருக்காது. எனவே தாமதத்தை மட்டும் வைத்துக் கரியைக் குறை சொல்லாதீர்கள்.

தாமதம் ஒரு எல்லையைத் தாண்டினால் ஈரத்தைப் பாருங்கள். கரி காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். திறந்த பை மழைக்காலம் முழுக்க வெளித் திண்ணையில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல வெயிலில் ஒரு நாள் பரப்பிக் காயவைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும், நனைந்த கரி வீணான கரி இல்லை. அப்புறம் மூடி போட்ட தகர டப்பாவிலோ டிரம்மிலோ வைத்துவிடுங்கள்.

பற்றவைக்க சிம்னிதான் (கரியை நிரப்பி அடியில் தீ மூட்டும் உலோகக் குழாய்) சிறந்தது என்பேன். அடியில் கசக்கிய காகிதம், நடுவில் சின்னத் துண்டுகள், மேலே நடுத்தரத் துண்டுகள். 15 முதல் 20 நிமிடத்தில் மேல் கரியின் விளிம்பு நீறு பூக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். கரிக்கென்று விற்கும் திரவமாக இருந்தாலும் பற்றிய கரியின் மேல் ஊற்றவே கூடாது. சுவாலை திரவத்தின் வழியே கைக்கு ஏறி வரும்.

பற்றியது, ஒரு மணி நேரத்தில் அணைந்துவிட்டது

மூடியையும் கீழ்த் துளையையும் பார்த்தாயிற்று, திறந்துதான் இருக்கிறது என்றால் நெருப்புக்குக் காற்று நடுவில் எங்கோ தடைபடுகிறது. கரியைத் தாங்கும் கம்பித் தட்டியைத் தூள் அடைத்திருக்கலாம். போன முறை சாம்பலை அள்ளாமல் விட்டிருக்கலாம். பலகைத் துண்டில் செய்த கரி என்றால் தட்டையான துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை மறைத்திருக்கலாம்.

இன்னொரு காரணம் சட்டென்று கண்ணில் படாது. கோணல்மாணலான பெரிய துண்டுகள் இரண்டு மூன்று ஒன்றையொன்று தாங்கிப் பாலம் போல நின்றுவிடும். அதன் கீழே எரிந்து முடிந்ததும் வெறும் குழி, மேலே கரி இருந்தும் நெருப்பு எட்டாது. கூடையை ஒரு தட்டுத் தட்டினாலோ நீளக் கம்பியால் லேசாகக் கிளறினாலோ மேல் கரி சரிந்து விழும், நெருப்பு மறுபடி எழும்.

நீண்ட நேரம் புகைபோடும் நாளில் கரியைக் கொட்டாமல் கையால் அடுக்குவது நல்லது. அடியில் பெரிய துண்டுகள், அதன் மேல் நடுத்தரம், இடுக்குகளில் சின்னவை. கை கறுப்பாகும், ஆனால் நடுராத்திரியில் எழுந்து நெருப்பைப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுகிறது

பையைத் தூக்கிப் பாருங்கள். அளவில் பெரிதாக, எடையில் லேசாக இருந்தால் மென்மரக் கரி. ஒரு கிலோ நல்ல கரியில் ஏறத்தாழ 30 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது, எந்த மரமானாலும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. கன மரக் கரி அதே கூடையில் அதிக எடை பிடிக்கும், அதனால் நின்று எரியும். அவ்வளவுதான் ரகசியம். 'மிக அதிகச் சூடு தரும் மரம்' என்று பையில் எழுதியிருப்பதை நான் பொருட்படுத்துவதில்லை. சூட்டைத் தீர்மானிப்பது காற்று.

கரி கனமாக இருந்தும் தீர்ந்துபோனால் மூடியின் விளிம்பில் காற்று கசிகிறதா பாருங்கள். எல்லாத் துளையையும் அடைத்த பிறகும் ஓரத்தில் புகை கசிந்தால் அங்கேதான் ஓட்டை.

ஸ்மோக்கரில் சூடு கட்டுக்குள் நிற்கவில்லை

நிதானமாகப் புகையில் வேகவைக்க 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை போதும். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் தொடக்கத்தில் பற்றவைத்த கரி அதிகம். ஐந்தாறு கங்கில் ஆரம்பியுங்கள். சூடு இலக்குக்கு வந்த பிறகு துளையைக் குறைக்காதீர்கள், வரும் வழியிலேயே குறையுங்கள். தடித்த பீங்கான் அடுப்பு ஒரு முறை அதிகமாகச் சூடேறிவிட்டால் இறங்க நேரம் பிடிக்கும். சின்னத் துண்டுகள் அதிகமுள்ள பையிலும் இதே தொல்லை வரும், பரப்பு அதிகம் என்பதால் நெருப்பு வேகமாகத் தாவும்.

சூடு ஏறிவிட்டதே என்று மூடியைப் படாரென்று திறக்காதீர்கள். காற்றில்லாமல் அடங்கியிருந்த அடுப்புக்குள் எரியாத வாயு தேங்கியிருக்கும். காற்று உள்ளே போனதும் குபீரென்று பிடித்து முகத்துக்கே வரும். ஒரு விரல் அளவு திறந்து, சில விநாடி விட்டு, அப்புறம் முழுசாகத் திறங்கள்.

சாம்பல் அள்ளி மாளவில்லை

நல்ல கட்டிக் கரியின் சாம்பல் கொஞ்சமாக, வெளுப்பாக, ஊதினால் பறக்கும்படி இருக்கும். நிறைய இருந்தால் பட்டை அதிகம். மரத்தைவிடப் பட்டையில் தாது உப்பு கூடுதல். விரலில் தேய்க்கும்போது நறநறவென்றால் மண். தட்டியில் கட்டிகட்டியாக இறுகிக் கிடந்தாலும் மண்ணும் மணலும் சூட்டில் உருகிச் சேர்ந்ததுதான். இதற்கு அடுப்பில் வைத்தியம் இல்லை, அடுத்த முறை வேறு பை.

உணவு கசக்கிறது, அல்லது ஏதோ ரசாயன வாடை

கசப்பு என்றால் மேலே சொன்ன வெள்ளைப் புகைதான் காரணம். நாக்கில் லேசாக மரத்துப்போன உணர்வும் இருக்கும். கரியைக் குறை சொல்லும் முன் கொழுப்பு சொட்டி எரிகிறதா என்றும் பாருங்கள், கறுப்புப் புகையும் புகைக்கரியும் பெரும்பாலும் அதிலிருந்து வரும்.

ரசாயன வாடை வேறு. பையைக் கொட்டிப் பாருங்கள். நேர்கோட்டில் அறுத்த விளிம்பு, ஒன்றில் ஒன்று செருகும்படி காடி வெட்டிய பலகை தெரிந்தால் தரைப்பலகை ஆலையின் கழிவு. மரம் சுத்தமாக இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் ஒட்டுப்பலகையின் அடுக்குகள், பெயின்ட் தடம், ஆணி, கம்பி, பிளாஸ்டிக் எது கண்ணில் பட்டாலும் அந்தப் பையை உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒட்டுப்பலகையில் பசை இருக்கிறது. பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பழைய மரங்களில் ஆர்செனிக்கூட உண்டு, எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் போகும். இதில் 'கொஞ்சம்தானே' என்ற பேச்சுக்கே இடமில்லை.

புகை வாசனை ஏறவே இல்லை

நல்ல கரி என்றால் இப்படித்தான் இருக்கும். முழுதாக வெந்த கரியில் மரத்தின் மணம் ஏறக்குறைய மிஞ்சுவதில்லை. ஓக், ஹிக்கரி என்று மரத்தின் பெயர் பையில் எழுதியிருப்பதால் உணவில் அந்த மணம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மணம் வேண்டுமானால் காய்ந்த மரத்துண்டு இரண்டு மூன்றைக் கரிக்கு நடுவில் தனியாக வையுங்கள். கரி சூட்டுக்கு, மரம் வாசனைக்கு.

சமைக்கும்போது தலை வலிக்கிறது

இதைப் படித்ததும் மற்றதை விட்டுவிட்டு வெளிக்காற்றுக்குப் போங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் மூன்றும் கார்பன் மோனாக்சைடின் அறிகுறி. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகையே இல்லாமல் அழகாகச் சிவந்து நிற்கும் தணலிலிருந்தும் அது வரும். வீட்டுக்குள்ளோ, மூடிய பால்கனியிலோ, கூடாரத்திலோ, கதவைத் திறந்து வைத்த கார் ஷெட்டிலோகூடக் கரி எரிக்கக் கூடாது. மழை வருகிறது என்று அணையாத அடுப்பை உள்ளே இழுத்து வைப்பதும் கூடாது.

மிச்சக் கரியைத் திரும்பப் போடலாமா?

தாராளமாக. வேலை முடிந்ததும் எல்லாத் துளையையும் அடைத்துவிட்டால் காற்றில்லாமல் தானாக அணையும். தண்ணீர் ஊற்றினால் கொதிநீராவி கையைச் சுடும், பீங்கான் அடுப்பு என்றால் விரிசல் விடும். மறுநாள் சாம்பலை உதறிவிட்டு, தூளைச் சலித்து ஒதுக்கி, மிஞ்சிய துண்டுகளை எடுத்து வையுங்கள். வெளியே ஆறியது போலத் தெரியும் சாம்பலுக்குள் ஒரு நாள் கழித்தும் கங்கு உயிரோடு இருக்கும், அதனால் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல் மூடியுள்ள உலோக வாளியில் வையுங்கள்.

இந்த மிச்சத் துண்டுகளை நான் சுடுவதற்குச் செலவழிப்பதில்லை, ஸ்மோக்கருக்கென்று சேர்த்து வைக்கிறேன். ஒரு முறை எரிந்த கரியில் தார் ஏற்கெனவே போய்விட்டது, சீக்கிரம் பற்றும், முதல் புகையும் சுத்தமாக வரும். தொடக்கக் கங்குக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. கொழுப்பு சொட்டி ஊறிய துண்டுகளை மட்டும் தனியே பிரித்து, அடுத்த முறை சுடும்போது சிம்னியின் அடியில் போட்டுவிடுங்கள்.